எழுதாமல் விட்ட கதவு

அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் டெம்ப்ளேட் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு மருத்துவமனைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆய்வுக்கூடத்திலிருந்து டாக்டரின் மேஜைக்குப் போய்ச் சேர்வது அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் வழியாக. அந்தக் கம்ப்யூட்டர்களில் ஒன்றுகூட அந்த அலுவலகத்தில் கிடையாது. கிளவுடில், யாரும் கண்ணால் பார்க்காத ஏதோ ஒரு கட்டடத்தில், வாடகைக்கு இருந்தன. அவற்றை எழுப்புகிற டெம்ப்ளேட்டை எழுதியவள் அவள்.

அதை அவள் 'தாள்' என்றுதான் சொல்வாள். ஆயிரத்து நானூறு வரி. எப்படிக் கட்டுவது என்று அதில் ஒரு வார்த்தை இருக்காது. என்னென்ன இருக்க வேண்டும் என்று மட்டும் இருக்கும். இரண்டு சர்வர் வேண்டும், ஒரு டேட்டாபேஸ் வேண்டும், வெளியிலிருந்து உள்ளே வர இன்னின்ன கதவுகள் மட்டும் திறந்திருக்க வேண்டும் என்று. நடுநடுவே காலியிடங்கள் உண்டு. மருத்துவமனையின் பெயர் என்ன, ஒரு நாளைக்கு எத்தனை ரிப்போர்ட் என்று அவற்றை நிரப்பிக் கொடுத்தால் போதும். எது முதலில், எது அதன் தோளில் ஏற வேண்டும் என்பதையெல்லாம் கிளவுடே பார்த்துக்கொள்ளும். இருபது நிமிடத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே குடும்பமாக எழுந்து நிற்கும். அந்தக் குடும்பத்துக்கு ஸ்டாக் என்று பெயர். எழுந்தால் ஒன்றாக எழும். அழித்தால் ஒன்றாக அழியும்.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு ஆசாரம்தான். எழுந்து நிற்பதைக் கையால் தொடக் கூடாது. ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் தாளில் எழுதித்தான் அடிக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த முறை தாளை ஓட்டும்போது, தாளில் இருப்பதுதான் இருக்கும். கையால் செய்தது காணாமல் போய்விடும். 'கை வைக்காதே, தாளை மாற்று' என்று பெரிய எழுத்தில் அச்சடித்துத் தன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்தாள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதைப் படித்துவிட்டு அவளை மரியாதையோடு பார்த்தார்கள்.

அந்த மகராசிதான் ஒன்பது இடத்தில் கை வைத்திருந்தாள்.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எல்லாம் அவசரத்தில் செய்தது, நாளைக்கு எழுதிவிடலாம் என்று நினைத்துச் செய்தது. அதில் முதலாவது ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு மதிய நேரத்தில் நடந்தது. பன்னிரண்டு மருத்துவமனைகளில் மிகச் சிறியது ஒன்று உண்டு. அதன் ஆய்வுக்கூடம் இரண்டே அறை. அங்கே ரத்தம் பரிசோதிக்கும் இயந்திரம் அரதப் பழசு; பூட்டுச் சாவி இல்லாத, நடுவில் யார் வேண்டுமானாலும் படித்துவிடக்கூடிய பழைய வழியில்தான் அதற்குப் பேசத் தெரியும். அந்தப் பழைய வழிக் கதவுகளையெல்லாம் மூட வேண்டும் என்று அப்போதுதான் கம்பெனி உத்தரவு போட்டிருந்தது. மூடிய மறுநாள் அந்த ஆய்வுக்கூடக்காரர் போன் செய்தார்.

"தங்கச்சி, ரிப்போர்ட் ஒண்ணுகூட போகல. வெளியில நாப்பது பேர் உக்காந்திருக்காங்க. புது மெஷின் கேட்டிருக்கோம், வந்துடும். ரெண்டு மாசம் மட்டும் பாத்துக்கயேன்."

தங்கச்சி என்று அவளை யாரும் கூப்பிட்டதில்லை. இளகிவிட்டாள். முப்பது விநாடியில் கையால் அந்தக் கதவைத் திறந்துவிட்டாள். ரிப்போர்ட் போனது, அவர் வாழ்த்தினார். புது மெஷின் மட்டும் வரவேயில்லை.

அந்தக் கதவைத் தாளில் எழுதலாம்தான். எழுதினால் மேலே ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எந்தப் புத்தியுள்ளவரும் போட மாட்டார். ஆகவே எழுதவில்லை. எழுதாததால், கதவுகளின் பட்டியலை மாற்றித் தாளை ஓட்டும் ஒவ்வொரு முறையும் அந்தக் கதவு தானாக மூடிக்கொண்டது. ஆய்வுக்கூடக்காரருக்குத் தெரியும் முன்பே ஓடிப்போய்க் காதும் காதும் வைத்த மாதிரி அவள் திறந்துவிடுவாள். தாள் ஓட்டுகிற நாளில் காய்ச்சல் என்றாலும் வந்து உட்கார்ந்தாள். நாத்தனார் கல்யாணத்தன்று மண்டபத்து ஸ்டோர் ரூமில், அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டிருந்ததில், குடும்பப் போட்டோவில் அவள் இல்லை. இப்படி ஒரு பொறுப்பானவள் உண்டா என்று மேனேஜர் மேடம் வருடா வருடம் புகழ்ந்தார்.

இதில் இன்னொரு மனிதர் இருக்கிறார். அவள் கணவர். ஐந்து மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் ஊரில், குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் ஆபரேட்டர். அங்கே வேலை கிடைத்தபோது, "ஒரு வருஷம் பொறுத்துக்கோ, நீயும் அங்க வந்துடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வருடம் ஆறு வருடமானது. ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை மூன்றாவது மாடியில் இருக்கும் அவளுடைய இரண்டு அறை வீட்டுக்கு வருவார். குழாயில் சொட்டும் தண்ணீரை நிறுத்துவார், சாப்பிடுவார், ஞாயிறு மதியம் போய்விடுவார். அவருடைய செருப்பு வாசலில் இருக்கும் நாட்களை எதிர்வீட்டுக்காரி எண்ணி வைத்திருந்தாள்.

அவர் ஊரிலும் கம்பெனிக்குக் கிளை உண்டு. மூன்று முறை அங்கே சீட்டு காலியானது. மூன்று முறையும் அவள் ஏதோ காரணம் சொன்னாள். அங்கே போனால் வேறு வேலை. இந்த ஸ்டாக் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. யார் கதவைத் திறப்பது? இதைக் கணவரிடமும் சொல்லவில்லை. நாலாவது முறை காலியானபோது, குழாயைத் திருகிக்கொண்டே அவர் சொன்னார்.

"ஒவ்வொரு தடவையும் நான்தான் வர்றியா வர்றியான்னு கேக்கறேன். இந்தத் தடவையும் இல்லன்னா இனிமே கேக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பாள். தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்த்தபடியே சொன்னார். அவளுக்கு பயம் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் நேராக மேடத்தின் அறைக்குப் போய், "எனக்கு அந்த சீட் வேணும் மேடம்" என்றாள்.

மேடம் நியாயமானவர். அதுதான் கஷ்டம். "தாராளமா போ. ஆனா நீ இல்லாம எல்லாம் எழுந்து நிக்குதான்னு நான் பாக்கணும். ஒரு காலி எடத்துல, உன் தாளை மட்டும் வெச்சு, உன் பக்கத்து சீட்டுக்காரர் எழுப்பட்டும். பன்னண்டு மருத்துவமனையும் ஆளுக்கொரு சோதனை ரிப்போர்ட் அனுப்பட்டும். எல்லாம் போச்சுன்னா உன் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்" என்றார். பிறகு சாதாரணமாக, "கையால செஞ்சது எதுவும் இல்லையே?" என்று கேட்டார்.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். வந்தது "இல்ல மேடம்".

பக்கத்து சீட்டுக்காரருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். ஒன்றைத் தொலைத்துவிடுவோம் என்று எப்போதும் இரண்டு கண்ணாடி போட்டிருப்பார், ஒன்று மூக்கில், ஒன்று தலைமேல். நல்ல மனிதர், தாளில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் செய்வார். இல்லாததை ஊகிக்க மாட்டார்.

மூன்று வாரம் அவள் தலை நிமிரவில்லை. கையால் செய்த ஒன்பதில் எட்டை ஒவ்வொன்றாகத் தாளுக்குள் கொண்டுவந்தாள். முதல் முறை கண்ணாடிக்காரர் எழுப்பிப் பார்த்தபோது நாற்பத்தொரு பொருள் வரிசையாக எழுந்து நின்றன. நாற்பத்திரண்டாவது தடுக்கியது. உடனே கிளவுட் என்ன செய்தது? நன்றாக நின்ற நாற்பத்தொன்றையும், கடைசியில் எழுந்ததிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக இறக்கித் துடைத்துவிட்டது. அதற்கு ரோல்பேக் என்று பெயர். எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அந்தச் சனிக்கிழமை கணவரிடம் இதைச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"ஒரு செங்கல் சரியில்லன்னு மொத்த வீட்டையும் இடிச்சுடுவீங்களா?"

"ஆமா. பாதி வீட்டை வெச்சுக்கிட்டு யாரும் குடியிருக்கக் கூடாதுன்னு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று இருவருக்கும் உறைத்தது. அவர் எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தார். அவள் மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

ஒன்று மட்டும் பாக்கி நின்றது. அந்தக் கதவு. ஆய்வுக்கூடக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணா, புது மெஷின் என்னாச்சு?" என்று கேட்டாள். "அதையேன் கேக்கற தங்கச்சி, இப்ப போட்டதுதான் ஏழாவது கடுதாசி" என்றார். கதவை எழுதினால் மாட்டிக்கொள்வாள்: ஆறு வருடமாகப் பூட்டில்லாத கதவைத் திறந்து வைத்திருந்தவள் என்று பெயர் வரும், சீட்டும் போகும். எழுதாவிட்டால் பன்னிரண்டாவது ரிப்போர்ட் போகாது, அப்போதும் சீட்டு போகும். குளிக்கும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, இதையே இப்படியும் அப்படியும் புரட்டினாள். எந்தப் பக்கம் புரட்டினாலும் சுவர்தான் இருந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பரீட்சை. மேடம் அவளை மீட்டிங் அறையின் மூலையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். "போனும் வேண்டாம், லேப்டாப்பும் வேண்டாம். கையை மடியில வெச்சுக்கோ. யாரும் உன்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது." பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரர் காலியிடங்களை நிரப்பினார், தாளை ஓட்டினார். திரையில் ஒவ்வொரு பொருளாகப் பச்சையானது. நாற்பத்திரண்டு தாண்டியது. அறுபத்தெட்டும் எழுந்து நின்றன. தாளில் எழுதியதற்கும் எழுந்து நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று மேடம் ஒரு சோதனை ஓட்டினார். துளி வித்தியாசமில்லை. மேடம் அவளைப் பார்த்துச் சிரித்து, "டீ குடிச்சுட்டு ரிப்போர்ட்டை அனுப்பச் சொல்லலாம்" என்றார்.

எல்லாரும் டீ மெஷினைச் சுற்றி நின்றார்கள். அவளும் கோப்பையை எடுத்துக்கொண்டாள். கோப்பையோடே தன் மேஜைக்கு நடந்தாள். லேப்டாப் திறந்துதான் இருந்தது. பின்னால் சுவரில் 'கை வைக்காதே'. அவளுக்கு அதைத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. முப்பது விநாடி. டீ ஆறவில்லை.

பன்னிரண்டு ரிப்போர்ட்டும் போயின. பன்னிரண்டாவது போனதும் அறையே கைதட்டியது. கண்ணாடிக்காரர் இரண்டு கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அக்கா, நீங்க இல்லாமலே எழுந்துடுச்சு பாத்தீங்களா" என்றார். அவளும் கைதட்டினாள். மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சோதனைக்கு எழுப்பியதை அழித்துவிடுவார்கள்; நிஜ ஸ்டாக்கில் அந்தக் கதவை அவள் ஏற்கெனவே திறந்துதான் வைத்திருக்கிறாள். யாரும் கதவுப் பட்டியலைத் தொடாதவரை திறந்தே இருக்கும். அதற்குள் புது மெஷின் வந்துவிடும். ஆறு வருடமாக வராத மெஷின் இனி வரும் என்று நம்புவதற்கு எவ்வளவு ஆசை வேண்டும்? அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை, பிரிவு உபசாரக் கேக்கை வெட்டிய கையோடு, அவளுடைய அனுமதிகளை எடுத்துவிட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தாள்: 'உங்களுக்கு அனுமதி இல்லை.' நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது போலிருந்தது. இனி நினைத்தாலும் தன்னால் கை வைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஐந்து மணி நேரமும் தூங்கினாள்.

கணவரின் வீட்டில் ஒரே அலமாரி. அதில் நாலு தட்டு. தன் சட்டைகளையெல்லாம் கட்டில்மேல் குவித்துவிட்டு, மேல் இரண்டு தட்டையும் துடைத்து, பழைய செய்தித்தாள் விரித்து வைத்திருந்தார். "பத்தலன்னா மூணாவதும் எடுத்துக்கோ" என்றார். குவிந்து கிடந்த சட்டைகளை அன்றிரவு நாற்காலிக்கு மாற்றிவிட்டுப் படுத்தார்கள். பெட்டியைக் காலையில் பிரிக்கலாம் என்று அவள் சொன்னாள். புதுக் கிளைக்கு மதியம் போனால் போதும்.

திங்கட்கிழமை காலை பெட்டியைத் திறந்து முதல் புடவையைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது.

"தங்கச்சி, காலையிலேர்ந்து ஒண்ணும் போகல."

அவள் புடவையோடு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஒரு அம்மாவுக்கு ரத்தம் ஏத்தணுமா வேணாமான்னு டாக்டர் ரிப்போர்ட்டுக்காக நிக்கறார். இப்பதான் கையில எழுதி ஆள்கிட்ட குடுத்தனுப்பிச்சேன். வெளியில இன்னும் முப்பது பேர் இருக்காங்க. எப்பவும்போல கொஞ்சம் பாரேன்."

எப்பவும்போல. லேப்டாப்பைத் திறந்தாள். 'உங்களுக்கு அனுமதி இல்லை.' வெள்ளிக்கிழமை இனித்த அதே வரி. போனைக் கீழே வைத்துவிடலாம். அங்கே ஆள் இருக்கிறார், அவருக்குச் சொல்லுங்கள் என்று பிடி கொடுக்காமல் பேசிவிடலாம். கண்ணாடிக்காரர் தாளை வரி வரியாகத் தேடுவார்; தாளில் இல்லாததை நாள் முழுக்கத் தேடினாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாது. அந்த முப்பது பேரும் உட்கார்ந்தே இருப்பார்கள். புடவையைப் பெட்டிமேல் போட்டுவிட்டுக் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டாள்.

"காலையில கதவுப் பட்டியல்ல ஏதாவது மாத்துனீங்களா?"

"ஆமாக்கா. பெரிய மருத்துவமனைக்கு ஒண்ணு சேத்தேன். தாள்ல எழுதித்தான் ஓட்டுனேன்" என்றார், பெருமையாக.

"சின்ன மருத்துவமனையோட பழைய கதவு மூடியிருக்கும். அதைத் திறங்க."

"தாள்ல அப்படி ஒரு கதவே இல்லையேக்கா."

"இல்ல. நான் எழுதல. இப்போதைக்குக் கையால திறங்க. முதல்ல ரிப்போர்ட் போகட்டும்."

"கையாலயா? நீங்கதானே சுவத்துல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "அப்ப வியாழக்கிழமை?"

"அன்னிக்கும் கையாலதான். டீ குடிக்கப் போனப்ப."

எந்த எண்ணை எங்கே போட வேண்டும் என்று சொன்னாள். அவர் போட்டார். "பச்சை வந்துடுச்சு" என்றார். பிறகு, மன்னிப்புக் கேட்கிற குரலில், "மேடம்கிட்ட சொல்லணுமேக்கா" என்றார்.

"சொல்லுங்க."

கணவர் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அவரிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் மேடம் கூப்பிட்டுவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எத்தனை வருஷமா?"

"ஆறு மேடம்."

"நான் கேட்டேனே. இல்லன்னு சொன்னியே."

மேடம் பெருமூச்சு விட்டார். "மேல விசாரணை வெப்பாங்க. அது முடியற வரைக்கும் ராஜினாமாகூட எடுத்துக்க மாட்டாங்க, அதனால அதையும் யோசிக்காதே. அந்த சீட்டுக்கு வேற ஒருத்தரை அனுப்பறேன். நாளைக்குக் காலையில உன் பழைய சீட்ல உக்காந்திருக்கணும். ஒண்ணு தப்புன்னா மொத்தமும் பழைய நிலைக்குன்னு நீயே எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பே."

ராஜினாமாவை அந்த நொடியில்தான் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதவையும் மேடம் சாத்திவிட்டார்.

போனை வைத்தாள். ஆய்வுக்கூடக்காரரிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது: 'எல்லாம் போய்டுச்சு தங்கச்சி. நல்லா இருப்பே.' அதைப் படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

கணவர் நாற்காலியில் கிடந்த சட்டைகளை எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக உதறி, மடித்து, மேல் தட்டில் விரித்திருந்த செய்தித்தாள்மேல் அடுக்கினார். முன்பு எது எங்கே இருந்ததோ அதே வரிசை. நீலச் சட்டைகள் இடப்பக்கம், வேலைக்குப் போடும் காக்கி வலப்பக்கம். அவசரமே இல்லாமல் செய்தார்.

"ஏங்க" என்றாள்.

"ரயில் ரெண்டு மணிக்கு இருக்கு. பெட்டியைத்தான் பிரிக்கலயே, நல்லதாப் போச்சு" என்றார். குரலில் கோபம் இல்லை.

ஆறு வருடத்து விஷயத்தையும் ஒரே மூச்சில் அவரிடம் சொன்னாள். நாற்பது பேர், புது மெஷின், கல்யாண மண்டபத்து ஸ்டோர் ரூம், மூன்று முறை சொன்ன பொய்க் காரணங்கள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே அடுக்கினார். "உங்க தங்கச்சி கல்யாணத்துலகூட" என்று அவள் சொன்னபோது மட்டும் கை ஒரு கணம் நின்றது. பிறகு இரண்டாவது தட்டுக்குப் போனது.

மதியம் பெட்டியை அவர்தான் தூக்கி வந்தார். ஜன்னலோர இடமாகப் பார்த்து உட்காரவைத்தார், தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார், வீட்டுக் குழாயை வேகமாகத் திருகாதே என்று சொன்னார். வண்டி புறப்பட விசில் கொடுத்தார்கள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி நடந்தார். இத்தனை வருடமும் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. எப்ப வர்றே? அவள் கம்பிக்கு இந்தப் பக்கம் அந்தக் கேள்விக்காக முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கம்பியை விட்டுவிட்டுக் கையை அசைத்தார். கேட்க மாட்டேன் என்று சொன்னவர், கேட்கவில்லை.